இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரக் கணக்கு எளிது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று முடிவு செய்துவிட்டால் விடை மாறாது. நேரம் அப்படியல்ல, காற்று, விமான ரகம், வான்பாதை, ஓடுபாதைக்கு முன்னால் நிற்கும் வரிசை எல்லாம் அதில் கை வைக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான் ஒன்றைச் சொல்ல, டிக்கெட் இன்னொன்றைச் சொல்வதுபோலத் தெரிகிறது. கீழே பல பதில்களில் லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் ஜே.எஃப்.கே. ஜோடியையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஜோடியைத் தொடர்ந்து பார்த்தால் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

இணையத் தளங்கள் காட்டும் "விமான தூரம்" எந்தத் தூரம்?

பெருவட்டத் தொலைவு. பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் அது. பூகோள உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களின் மேலும் நூலை வைத்து இறுக்கி இழுத்தால், நூல் தானாகப் போய்ப் படியும் வழியே பெருவட்டப் பாதை.

அன்றைய விமானம் பறந்து முடித்த கிலோமீட்டர் இதில் இல்லை. பறந்த தூரம் ஏறக்குறைய எப்போதும் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஒரே ஜோடிக்கு மூன்று தளங்கள் மூன்று எண்களைக் காட்டுகின்றனவே, எது சரி?

பெரும்பாலும் மூன்றுமே சரிதான். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

லண்டன் – நியூயார்க் என்று தேடினால் 5,540, 5,555, 5,570 கி.மீ. என மூன்று எண்களைப் பார்க்கலாம். 5,540 என்பது ஹீத்ரோவுக்கும் ஜே.எஃப்.கே.வுக்கும் இடையே, பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழுக் கோளமாக வைத்துக் கணக்கிட்டது. 5,555 அதே இரண்டு நிலையங்களுக்குத்தான்; ஆனால் பூமியின் உண்மையான வடிவத்தைக் கணக்கில் எடுத்தது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது: நடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் சுமார் 6,357 கி.மீ. இந்த வேறுபாட்டால் கோளக் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். 5,570 என்பது விமான நிலையங்களை விட்டுவிட்டு, லண்டன் நகர மையத்திலிருந்து நியூயார்க் நகர மையத்துக்கு அளந்தது.

முதல் இரண்டில் எதை எடுத்தாலும் பயணத் திட்டத்துக்குப் போதும். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ஒரே நகரத்துக்குப் பல விமான நிலையங்கள் இருந்தால் நகர மையக் கணக்கு அவற்றில் எதற்கும் பொருந்தாது. டோக்கியோவின் நரிட்டாவும் ஹனேடாவும் ஒன்றுக்கொன்று சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கின்றன.

அலகையும் பாருங்கள். அதே 5,540 கி.மீ. சாலை மைலில் 3,442, கடல் மைலில் 2,991. ஒரு சாலை மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் துல்லியமாக 1.852 கி.மீ. விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள். வெறும் "மைல்" என்று போட்டிருந்தால் எது என்று தெரிந்துகொள்ளாமல் கிலோமீட்டருக்கு மாற்றாதீர்கள். மாற்றிப் பிடித்தால் விடையில் 15 சதவீதம் வரை அடிபடும்.

கணிப்பான் தளம் இல்லாமல் நானே கணக்கிட முடியுமா?

முடியும். சைன், கொசைன் பட்டன் உள்ள எந்தக் கால்குலேட்டரும் போதும். ஹாவர்சைன் சூத்திரம் என்பார்கள். படிப்படியாக:

1. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம எண்ணில் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். ஹீத்ரோ: 51.4775, −0.4614. ஜே.எஃப்.கே.: 40.6398, −73.7789.
2. அட்சரேகை வித்தியாசம் 10.8377 பாகை. தீர்க்கரேகை வித்தியாசம் 73.3175 பாகை.
3. இரண்டையும் பாதியாக்கி, சைன் கண்டு, வர்க்கப்படுத்துங்கள். முதலாவது 0.00892, இரண்டாவது 0.35647.
4. இரண்டாவதை மட்டும் இரு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்குங்கள்: 0.35647 × 0.62282 × 0.75882 = 0.16847.
5. இதோடு முதலாவதைக் கூட்டினால் 0.17739. அதன் வர்க்கமூலம் 0.42117.
6. அதற்குத் தலைகீழ் சைனை ரேடியனில் (பாகையைப் போலவே கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) கண்டால் 0.43474. இதை 2-ஆலும் 6,371-ஆலும் பெருக்கினால் 5,539.5. அதாவது 5,540 கி.மீ.

விமான நிலையத்தின் ஆயத்தொலைவாக நாடுகள் அதிகாரபூர்வமாக வெளியிடுவது "குறிப்புப் புள்ளி" ஒன்றை. அது பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். முனையக் கட்டடத்தின் வாசல் அல்ல. அதனால் விடையைத் தசம இடங்கள் வரை நீட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. முழுக் கிலோமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டேன், விடை ஒத்துவரவில்லை. எங்கே தவறு?

விரிதாளில் போட்டீர்களென்றால் முதலில் ரேடியனைச் சந்தேகியுங்கள். விரிதாள்களின் சைன், கொசைன் செயற்கூறுகள் பாகையை ஏற்காது, ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். ஒவ்வொரு பாகையையும் 0.0174533-ஆல் பெருக்கிவிட்டு உள்ளே கொடுங்கள். இதை மறந்தால் விடை சம்பந்தமே இல்லாமல் வரும். அதனாலேயே உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத தவறுகள் வேறு. ஒன்று, பாகை–நிமிடம்–நொடி. ஜே.எஃப்.கே.யின் அட்சரேகை 40 பாகை 38 நிமிடம் 23 நொடி. இதை அப்படியே 40.3823 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான வழி 38-ஐ 60-ஆலும் 23-ஐ 3,600-ஆலும் வகுத்துக் கூட்டுவது, 40.6397 வரும். இரண்டுக்கும் இடையே தரையில் ஏறக்குறைய 29 கி.மீ. வித்தியாசம்.

இன்னொன்று, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடாமல் விடுவது. ஜே.எஃப்.கே.க்கு −73.7789 என்பதற்குப் பதில் 73.7789 என்று கொடுத்தால் அந்தப் புள்ளி கிர்கிஸ்தானில் போய் விழும். ஆனால் ஹீத்ரோ பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்கு மிக அருகில் இருப்பதால், லண்டனிலிருந்து அந்த இடத்துக்கும் தூரம் சுமார் 5,600 கி.மீ.தான். நம்பும்படியான எண். தவறு நடந்ததே தெரியாது. ஆகவே தூரத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைப் பிடித்துவிடும்.

கடைசியாக, பெயர்க் குழப்பம். சிட்னி ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் இருக்கிறது. சான் ஹோசே கோஸ்டா ரிகாவிலும் உண்டு, கலிபோர்னியாவிலும் உண்டு. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அலபாமாவிலும் உண்டு. ஊர்ப் பெயரால் தேடாமல் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டால் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வளைந்து தெரிகிறது? நேராகப் போனால் குறையாதா?

அந்த வளைவுதான் நேர்வழி. உருண்டையைத் தாளில் விரித்ததால் வளைந்ததுபோலத் தெரிகிறது.

மாட்ரிட்டையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 40½ பாகையில் இருக்கின்றன. வரைபடத்தில் அளவுகோலை வைத்து மேற்கே கோடு இழுத்து, அதே அட்சரேகையில் போனால் சுமார் 5,930 கி.மீ. பெருவட்டப் பாதையில் சுமார் 5,760 கி.மீ. மட்டுமே. அந்தக் குறுகிய பாதை நடுவழியில் வடக்கே 46 பாகை வரை ஏறி இறங்குகிறது. வடக்கே ஏறியும் 170 கி.மீ. மிச்சம்.

துருவத்தை நெருங்க நெருங்க இந்த மிச்சம் கூடும். நடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு–மேற்காகப் பறக்கும் பாதைகளிலும், வடக்கு–தெற்காகப் பறக்கும் பாதைகளிலும் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

அப்படியென்றால் விமானம் பெருவட்டப் பாதையிலேயே பறக்குமா?

அதை ஒட்டிப் பறக்க முயலும். முழுக்க அதிலேயே பறப்பது அரிது. விலக வைக்கும் காரணங்கள் பல.

புறப்படும்போதும் இறங்கும்போதும் வகுக்கப்பட்ட வழிகளில்தான் போக வேண்டும். விமானம் எதிர்காற்றை நோக்கியே மேலெழும்பும், எதிர்காற்றை நோக்கியே இறங்கும். போக வேண்டிய ஊர் கிழக்கே இருந்தாலும் அன்றைய காற்றால் மேற்கு நோக்கி எழும்பி, சுற்றித் திரும்ப வேண்டியிருக்கும். இரு முனையிலும் சேர்ந்து சில பத்துக் கிலோமீட்டர்கள் இதிலேயே கூடிவிடும்.

பெருங்கடல்களுக்கு மேல் காற்று பாதையைத் தீர்மானிக்கிறது. வட அட்லாண்டிக்கில் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்து வான்தடங்களை வகுக்கிறார்கள். மேற்கே போகும் பகல்நேர விமானங்களுக்குத் தனி, கிழக்கே போகும் இரவுநேர விமானங்களுக்குத் தனி. கிழக்கே போகிறவை உந்துகாற்றைத் தேடிப் போகும், மேற்கே போகிறவை அதே காற்றை விட்டு விலகும். தூரம் 200 கி.மீ. கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்றால் அந்த வழியைத்தான் எடுப்பார்கள்.

இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒரு எஞ்சின் நின்றால், மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய இடத்திலேயே எப்போதும் பறக்க வேண்டும். சிறப்பு அனுமதி இல்லையென்றால் அடிப்படை வரம்பு 60 நிமிடம். 180 நிமிட அனுமதி பரவலாக உண்டு. ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை கிடைக்கிறது. தென் அரைக்கோளத்தின் வெறும் கடல்பரப்புகளைக் கடக்கும் பாதைகளில், உதாரணமாக சிட்னி – சாண்டியாகோவில், இந்த வரம்பு பாதையின் வடிவத்தையே மாற்றிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது மூடப்பட்ட வான்வெளி. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானங்களுக்கு அதன் பிறகு 13 மணி நேரம் அளவில் ஆனது. இரண்டு நிலையங்களும் நகரவில்லை, பெருவட்டத் தொலைவு ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பயணம் மட்டும் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்டது.

ஆக, பறக்கும் தூரத்துக்கு ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் பெருவட்டத் தொலைவோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணிப்பானில் கூட்டும் அளவு நல்ல வழிகாட்டி: 550 கி.மீ.க்குக் கீழ் 50 கி.மீ., 550 முதல் 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ.

10, 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?

கூடும், ஆனால் பொருட்படுத்த வேண்டிய அளவில் இல்லை. 11 கி.மீ. உயரத்தில் வட்டத்தின் ஆரம் 0.17 சதவீதம் பெரிதாகிறது. ஹீத்ரோ – ஜே.எஃப்.கே. தூரத்துக்கு அது 10 கி.மீ.யைத் தொடாது.

"பயண நேரம்" என்று டிக்கெட்டில் போடுவது எந்த நேரம்?

வாசலிலிருந்து வாசலுக்கு. புறப்படும் இடத்தில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் கணம் முதல், போய்ச் சேரும் இடத்தில் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை. இத்துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரையான வான்நேரம் அதைவிடக் குறைவு.

இரண்டுக்கும் இடையே சாதாரணமாக 20 முதல் 40 நிமிடம் இருக்கும். நெரிசலான பெரிய நிலையங்களில் ஓடுபாதை வரை ஊர்ந்து போய் வரிசையில் நிற்பதற்கே 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கலாம். தளங்கள் காட்டும் "பறக்கும் நேரம்" பெரும்பாலும் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்த விடை. வான்நேரத்தை ஒட்டி இருக்கும். திட்டமிட அதை நம்ப வேண்டாம். விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் உள்ள நேரமே உங்களுக்குப் பயன்படும்.

அட்டவணை கையில் இல்லை, தூரம் மட்டும் தெரியும். நேரத்தை எப்படிக் கணிப்பது?

சாதாரண ஜெட் விமானத்துக்கு: 45 நிமிடம் + (கிலோமீட்டர் ÷ 800). அகல உடல் கொண்ட நெடுந்தூர விமானத்துக்கு 800-க்குப் பதில் 850. ஏ.டி.ஆர். 72 போன்ற புரொப்பெல்லர் விமானத்துக்கு 30 நிமிடம் + (கிலோமீட்டர் ÷ 500).

ஹீத்ரோ – ஜே.எஃப்.கே.: 5,540 ÷ 850 = 6 மணி 31 நிமிடம். 45 நிமிடம் சேர்த்தால் 7 மணி 16 நிமிடம். அட்டவணையில் கிழக்கு நோக்கி ஏறக்குறைய 7 மணி நேரமும் மேற்கு நோக்கி ஏறக்குறைய 8 மணி நேரமும் இருக்கும். நம் விடை இடையில் நிற்கிறது. 1,000 கி.மீ. பயணத்துக்கு 2 மணி, 500 கி.மீ.க்கு சுமார் 1 மணி 20 நிமிடம்.

அந்த 45 நிமிடம் எதற்கு என்றால், தரையில் ஊரும் நேரம் ஒன்று. முழு வேகத்தில் பறக்காத நேரம் இன்னொன்று. பயண உயரத்துக்கு ஏறவே 20, 25 நிமிடம் ஆகும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இறங்கும்போது ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்று விமானிகள் மனக்கணக்கு வைத்திருப்பார்கள். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல்; ஏறக்குறைய 195 கி.மீ. தொலைவிலேயே இறக்கம் தொடங்கிவிடுகிறது. 400 கி.மீ. பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் போக முழு வேகத்தில் பறக்க இடமே மிஞ்சாது. குறுகிய பயணத்தில் தூரத்தை மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்து "அரை மணிதான்" என்று முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வேகத்தின் கணக்கு: பயண உயரத்தில் வெப்பநிலை −56.5 செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ரகங்கள் அதில் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். மணிக்கு சுமார் 830 கி.மீ. போயிங் 787, ஏ350 போன்றவை 0.85 பங்கு, சுமார் 900 கி.மீ. இந்த எண்கள் காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் அடுத்த கேள்வியில்.

போக 8 மணி, திரும்ப 7 மணி. ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்?

ஜெட் காற்றோட்டம். ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறுபோல வேகமாக ஓடும் காற்று அது. குளிர்காலத்தில் வலுவடையும், மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. கிழக்கே போகிறவர்களுக்கு அது உந்துகாற்று, மேற்கே போகிறவர்களுக்கு எதிர்காற்று.

2020 பிப்ரவரியில் சியாரா புயலை ஒட்டி இந்தக் காற்றோட்டம் மிகவும் வலுத்திருந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று ஜே.எஃப்.கே.யிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனால் ஒலி வேகத்தை அது மீறவில்லை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது, காற்றே நகர்ந்துகொண்டிருந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்றால், முழுதாக முடியாது. 5,400 கி.மீ. தூரம், மணிக்கு 900 கி.மீ. வேகம், காற்றே இல்லை: போக 6 மணி, வர 6 மணி, மொத்தம் 12. இப்போது 150 கி.மீ. காற்று வீசுகிறது என்று வையுங்கள். உந்துகாற்றில் 1,050-ஆல் வகுத்தால் 5 மணி 9 நிமிடம். எதிர்காற்றில் 750-ஆல் வகுத்தால் 7 மணி 12 நிமிடம். மொத்தம் 12 மணி 21 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா?

வேண்டாம். பூமியோடு சேர்ந்து வளிமண்டலமும், அதில் பறக்கும் விமானமும், கீழே உள்ள ஓடுபாதையும் சுழல்கின்றன. விமானம் எழும்பியதும் பூமி அதன் அடியில் நழுவிப் போவதில்லை. ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அந்த வழியில்தான் சுழற்சி பயண நேரத்தைத் தொடுகிறது.

நியூயார்க்கில் இரவு 9 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 9 மணிக்கு லண்டனில் இறங்குகிறது. 12 மணி நேரப் பயணமா?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. முதலில் இரண்டையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்கோ உலகப் பொது நேரத்துக்கோ (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள். நியூயார்க் லண்டனுக்கு 5 மணி பின்னால் இருப்பதால் நியூயார்க் இரவு 9 என்பது லண்டனில் அதிகாலை 2. அங்கிருந்து காலை 9 வரை 7 மணி நேரம். அதுதான் பயணம்.

இங்கே சிக்கல் கோடைகால நேர மாற்றத்தில் வரும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் இரண்டு நகரங்களுக்கும் 4 மணி நேரம்தான் வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையே மறுபடியும் அப்படியே. அந்த நாட்களில் பயணம் இருந்தால் மனக்கணக்கை நம்பாமல் தேதியைக் கொடுத்துச் சரிபாருங்கள். எல்லா நேர மண்டலங்களும் முழு மணியில் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்: இந்தியா உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால், நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னால்.

பசிபிக்கைக் கடந்தால் தேதியும் புரளும். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவீர்கள். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். திரும்பும்போது ஒரு தேதி காணாமல் போகும். ஹோட்டல் முன்பதிவில் ஒரு நாள் தவறுவது பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான்.

அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்விட்டதே, வேகமாக ஓட்டினார்களா?

கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கலாம். ஆனால் விமானம் அதன் வழக்கமான வேகத்தைவிடப் பெரிதாகக் கூட்ட முடியாது. அட்டவணையிலேயே உபரி நிமிடங்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியக் காரணம். நெரிசல், எதிர்காற்று, வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி அட்டவணை போடுவார்கள். அன்று அவை இல்லையென்றால் தாமதம் அதில் கரைந்துவிடும். 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் "சரியான நேரம்" என்று கணக்கில் கொள்வது இத்துறையின் வழக்கம்.

இறங்கும் முன் ஊரைச் சுற்றி வட்டமடிப்பது எவ்வளவு நேரத்தை விழுங்கும்?

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்ப, மறுபடி ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்ப. 14,000 அடிக்கு மேல் நேர்ப்பகுதி ஒன்றரை நிமிடம் என்பதால் சுற்று 5 நிமிடமாகும். நான்கைந்து சுற்று என்றால் 20 நிமிடம் போய்விடும்.

நேரடி விமானம் இல்லை. வழியில் மாறிப் போனால் தூரத்தை எப்படிப் பார்ப்பது?

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே கண்டு கூட்டுங்கள். பெருவட்டப் பாதையை ஒட்டிய ஊரில் மாறினால் தூரம் அதிகம் கூடாது. லண்டன் – சிட்னி பெருவட்டத் தொலைவு சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூரில் மாறினால் 10,900-ஐ ஒட்டிய ஒரு கட்டமும் 6,300-ஐ ஒட்டிய ஒரு கட்டமும். மொத்தத்தில் 200 கி.மீ.கூடக் கூடாது. ஆனால் நேரத்தில் இன்னொரு ஏறுதல், இன்னொரு இறங்குதல், இடையில் காத்திருப்பு மூன்றும் சேரும். தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்வதைவிடக் காத்திருப்பைப் பார்த்துத் தேர்வதே நல்லது.

"டைரக்ட்" என்று போட்டிருந்தால் எங்கும் நிற்காது என்று பொருளில்லை. விமான எண் மாறாது, அவ்வளவுதான். நடுவில் ஓரிடத்தில் நின்றும் போகலாம். நிற்காமல் போக வேண்டுமென்றால் "நான்-ஸ்டாப்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியின் கீழ் தாமதத்துக்கு இழப்பீடு கோருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் 1,500, 3,500 கி.மீ. என்ற எல்லைகள் பெருவட்டத் தொலைவால் அளக்கப்படுகின்றன. ஒரே முன்பதிவில் மாறிப் போகும் பயணத்துக்குக் கட்டங்களின் கூட்டுத்தொகையை எடுக்கக் கூடாது, முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையத்துக்கு உள்ள தொலைவையே எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. எல்லையை ஒட்டிய தூரமென்றால் கூட்டுத்தொகையைப் போட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

மிக நீளமானதும் மிகக் குறுகியதும் எவை?

பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு சுமார் 20,000 கி.மீ.யைத் தாண்டாது, அது பூமியின் சுற்றளவில் பாதி. சிங்கப்பூர் – ஜே.எஃப்.கே. பாதை சுமார் 15,350 கி.மீ., 18 மணி நேரத்துக்கும் மேல். மறுமுனையில், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே விமானம் 2.7 கி.மீ. பறக்கிறது, அட்டவணையில் அதற்கு 2 நிமிடம். மேலே கொடுத்த 45 நிமிடச் சூத்திரத்தை அங்கே போட்டுப் பார்க்க வேண்டாம்.

விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று காட்டும் நேரலைத் தடங்காட்டியில் சேரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. அழைக்கப் போகிறவர் எதை நம்பிக் கிளம்புவது?

தடங்காட்டி அப்போதைய தரைவேகத்தையும் மீதி தூரத்தையும் வைத்து மறுபடி மறுபடி கணக்கிடுகிறது. காற்று மாறினால் வேகம் மாறும், பாதை வளைந்தால் மீதி தூரம் மாறும். நடுக்கடலில் சில இடங்களில் விமானத்தின் சிக்னல் கிடைக்காதபோது, முந்தைய வேகத்தை வைத்து ஊகித்தே படத்தை நகர்த்தும். பயணத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் அது காட்டும் நேரம் ஏறக்குறைய நிலைத்துவிடும்; அதன் பிறகே நம்புங்கள்.

அந்த நேரம் தரையைத் தொடும் நேரமா, நிறுத்துமிடத்தில் நிற்கும் நேரமா என்பதையும் பாருங்கள். பல தடங்காட்டிகள் முதலாவதைத்தான் காட்டும். அதற்குப் பின் வாசல்வரை ஊர 5 முதல் 15 நிமிடம், கதவு திறந்து இறங்க 10 நிமிடம். வெளிநாட்டுப் பயணமென்றால் குடிவரவு வரிசையும் பெட்டி வரும் நேரமும் சேர்த்து இன்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். கைப்பெட்டியோடு உள்நாட்டில் வருகிறவரை அழைக்க, தரையிறங்கும் நேரத்துக்கு 20 நிமிடம் கழித்து வாசலில் இருந்தால் சரியாக இருக்கும்.